நூற்றொரு மாதிரிகள்

ஆய்வு மாணவருக்கு அரசியல் தெரியாது என்பார்கள். ஃபெல்லோஷிப் பணம் எந்த மாதம் வரும் என்று கணிக்கத் தெரிந்தவருக்குத் தேர்தல் முடிவைக் கணிப்பதா பெரிய காரியம்? 2023-ல் ஜேஆர்எஃப் என்னும் இளநிலை ஆய்வாளர் ஃபெல்லோஷிப் தொகை 31,000-லிருந்து 37,000 ரூபாயாக ஏறியது. அறிவிப்பு ஜூனில், அமல் ஜனவரியிலிருந்து. அரியர்ஸ் என்று ஒன்று உண்டல்லவா, அதற்காக செக்‌ஷன் கிளார்க்கைப் பார்த்தாலே தானாக எழுந்து நிற்கப் பழகினோம்.

அந்த ஆகஸ்டில் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. சித்தப்பா உடனே போன் செய்தார்: "நீயும் சயின்டிஸ்ட்தானே, எப்படா ராக்கெட் விடப்போற?" நெல் வேரில் வாழும் பூஞ்சையை ஆராய்கிறேன் என்றேன். "அதுக்கு மருந்து அடிச்சா போயிடுமேடா" என்றார். அது பயிருக்கு நல்லது செய்யும் பூஞ்சை என்று விளக்குவதற்குள் லைன் கட்.

அதே மாதம் நாடாளுமன்றம் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குச் சட்டம் போட்டது. ஐந்தாண்டில் 50,000 கோடி! அதில் சுமார் 36,000 கோடி தனியாரிடமிருந்து வருமாம். மொய்ப்பணத்தை நம்பிப் பந்தல் போடும் குடும்பங்கள் நம் ஊரிலும் உண்டு.

பணம் கிடக்கட்டும், துணிச்சல் வேண்டும். 2019-ல் ஜலந்தர் அறிவியல் மாநாட்டு மேடையில், கௌரவர்கள் சோதனைக்குழாய்க் குழந்தைகள் என்றார் ஒரு துணைவேந்தர். என் பூஞ்சைக் கட்டுரையோ, 'மாதிரிகளின் எண்ணிக்கை போதாது' என்று திரும்பி வந்தது. நியாயம்தான். அவரிடம் நூறு இருந்தன. தங்கை துச்சளையையும் சேர்த்தால் நூற்றொன்று.