‘நீ முதல்ல போ’: பவுடர் பனியில் முந்துதலும் பிந்துதலும்

பனிச்சறுக்கைப் பற்றி எழுதியவர்கள் பலகையின் நீளத்தை எழுதியிருக்கிறார்கள். காலணியின் இறுக்கத்தை எழுதியிருக்கிறார்கள். முழங்கால் எந்தக் கோணத்தில் மடிய வேண்டும் என்பதைப் படம் போட்டே விளக்கியிருக்கிறார்கள். ஆனால் மணிக்கணக்காக மூச்சு வாங்க மலையேறி வந்த பழைய நண்பர்கள், காலடியில் ஒரு கீறல்கூட விழாத பனி விரிந்து கிடக்க, இறங்காமல் நின்றுகொண்டு “நீ முதல்ல போ”, “சேச்சே, நீ போப்பா” என்று உபசாரம் செய்துகொள்ளும் அந்த நாலைந்து நிமிடங்களைப் பற்றி அறிஞர் பெருமக்கள் வாய் திறக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பப் புகுந்ததே இந்த ஆய்வு.

ஆய்வுக் களம், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், செல்கிர்க் மலைத்தொடரில் உள்ள ரோஜர்ஸ் கணவாய். ஆய்வு மாதிரி, கல்லூரி நாள் தொட்டு ஒன்றாகச் சறுக்கிவரும் நால்வர். ஆய்வு அறம் கருதி அவர்கள் இங்கே அ, ஆ, இ, ஈ என்றே குறிக்கப்படுவர். அ பல் மருத்துவர். எல்லோரையும்விட நல்ல பலகை வைத்திருப்பவர். ஆ பள்ளி ஆசிரியை. இ கணக்காளர். ஈ தச்சர்; அதிகம் பேசமாட்டார். ஆய்வாளர் ‘பங்கேற்பு நோக்கர்’ என்ற முறையில் உடன் சென்றார். அதாவது, சீஸ் கட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் போனார்.

களம் சாமானியமானதல்ல. 1881-இல் ரோஜர்ஸ் என்ற நில அளவையாளர் கண்டுபிடித்த இந்தக் கணவாய் வழியே 1885-இல் கனடிய பசிபிக் ரயில் பாதை போடப்பட்டது. சாலை மட்டத்திலேயே ஆண்டுக்குப் பத்து மீட்டர் அளவில் பனி கொட்டும் இடம் இது. 1910 மார்ச் 4 அன்று, தண்டவாளத்தை மூடிய ஒரு பனிச்சரிவை அள்ளிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மீது எதிர்ப்பக்க மலையிலிருந்து இன்னொரு சரிவு வந்து விழுந்தது. இறந்தவர்கள் 58 பேர். அவர்களில் 32 பேர் ஜப்பானியத் தொழிலாளர்கள். அதன்பிறகு ரயில் கம்பெனி மலையோடு மல்லுக்கு நிற்பதை விட்டுவிட்டு 1916-இல் சுரங்கத்துக்குள் புகுந்துகொண்டது. 1962-இல் நெடுஞ்சாலை வந்தது. இன்றும் கனடிய ராணுவம் 105 மி.மீ. ஹோவிட்ஸர் பீரங்கியால் மலையைச் சுட்டு, சாலைமேல் விழக் காத்திருக்கும் பனியை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. குண்டு விழும் பகுதிகளில் சறுக்கப் போகிறவர்கள் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பொழுதுபோக்குக்குப் போகிற இடத்தில் பீரங்கி எதற்கு என்று ஊரில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது.

இங்கே பேசப்படும் சறுக்கு, லிஃப்ட் ஏறிப் போய் இறங்குகிற சறுக்கு அல்ல. பலகையின் அடியில் ‘ஸ்கின்’ என்ற நீளப் பட்டையை ஒட்டிக்கொண்டு சொந்தக் காலால் ஏற வேண்டும். முற்காலத்தில் சீல் தோல். இப்போது மொஹேர் அல்லது நைலான். பூனையின் முதுகைப்போல, ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் சிலிர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஏறும்போது குதிகால் தூக்கி நடக்கலாம். உச்சியில் பட்டையை உரித்து மடித்து, குதிகாலைப் பூட்டிக்கொண்டு இறங்க வேண்டும். மூன்று மணி நேரம் ஏறியதைப் பத்து நிமிடத்தில் செலவழிக்கிற இந்தக் கணக்கை இ ஒருவர்தான் வெளிப்படையாகக் கண்டித்தார். கண்டித்துக்கொண்டே ஏறினார்.

ஏறும் நேரத்தைக் கணிக்க, சுவிஸ் மலை வழிகாட்டி வெர்னர் முண்டர் பெயரில் ஒரு வாய்ப்பாடு வழங்குகிறது. தூரம் எத்தனை கிலோமீட்டரோ, அதோடு ஏற்றம் எத்தனை நூறு மீட்டரோ கூட்டி, நான்கால் வகுத்தால் மணிக்கணக்கு வரும். அன்றைய இலக்கான, அசுல்கன் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் உள்ள குடிலுக்குச் சுமார் ஆறு கிலோமீட்டர், எண்ணூறு மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொண்டால் மூன்றரை மணி. மாதிரிக் குழுவினர் அதற்குள் பாதி வழிகூடத் தாண்டவில்லை. முண்டர் கணக்கில் குற்றம் காண்பதற்கில்லை. அவர் பழைய நண்பர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். எனவே ‘ப’ என்ற பழமைக் கெழு ஒன்று இங்கே முன்மொழியப்படுகிறது. ஓடையில் விழுந்தது அ-வா இ-யா என்ற வழக்கு, விழுந்த ஆண்டு எது என்ற கிளை வழக்கு, யார் ஃபிளாஸ்க்கில் இருப்பது தேநீர், யாருடையதில் வெறும் வெந்நீர் என்ற விசாரணை ஆகியவை இதில் அடங்கும். நட்பின் வயது ஏற ஏற ‘ப’ ஏறும். முழங்காலின் வயது அதைப் பெருக்கும்.

‘ப’-வின் ஓர் உறுப்பை மட்டும் அருகிருந்து காண வாய்த்தது. ஆ-வின் ஸ்கின் பசையில் பனித்தூள் அப்பி வெளுத்துப்போய் ஒட்ட மறுத்தது. அவர் அதைப் பலகையின் விளிம்பில் அழுத்தி இழுத்து வழித்தார். பிறகு சட்டைக்குள் விட்டு வயிற்றோடு ஒட்டிவைத்துக்கொண்டு, குளிரில் ‘ஹா’ என்று ஒரு சத்தம் போட்டார். ஐந்து நிமிடம் கழித்து எடுத்து ஒட்டினார். நாலடி போனதும் வால்பக்கம் உரிந்து தொங்கியது. அப்போது ஈ ஒன்றும் பேசாமல் தன் சறுக்குக் கோலில் சுற்றிவைத்திருந்த டக்ட் டேப்பைப் பல்லால் கிழித்து, பலகையோடு சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றிவிட்டார். அ சொந்தச் செலவில் புதுப் பசை வாங்கித் தருவதாக அறிவித்தார். ஆண்டுதோறும் அறிவிக்கிறாராம்.

இனி முந்துதல், பிந்துதல் என்னும் தலைப் பொருளுக்கு வருவோம். ‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்பது நம் முன்னோர் வகுத்த நெறி. ஏற்றத்தில் இந்த நெறி அப்படியே செல்லுபடியாகிறது. முழங்கால் ஆழப் பனியில் முதலில் போகிறவர்தான் தடம் வெட்ட வேண்டும். பின்னால் வருகிறவர் வெட்டிய தடத்தில் நடந்து வரலாம். இது படை. ஆகவே எல்லோருக்கும் அப்போதுதான் காலணிக் கொக்கி தளர்ந்துபோகிறது, மூக்கு வழிகிறது, மலையழகு கண்ணில் படுகிறது. “உனக்குத்தான் இந்த வழி நல்லாத் தெரியும்” என்ற பாராட்டு நாள் முழுவதிலும் தடம் வெட்டும் முறை மாறும் தறுவாயில்தான் கேட்கிறது.

உச்சிக்கு வந்ததும் நெறி குழம்புகிறது. வட அமெரிக்கச் சறுக்குத் தலங்களில் ‘பவுடர் விழுந்த நாளில் நண்பன் கிடையாது’ என்றொரு சொலவடை உண்டு. பவுடர் என்பது புதிதாக விழுந்த தூள்பனி. லிஃப்ட் திறக்கும் நேரத்தில் கையுறையைத் தேடிக்கொண்டிருக்கிற நண்பனை அங்கேயே விட்டுவிட்டு ஓடலாம், அது துரோகமாகாது என்பது பொருள். காட்டுமலையில் இந்தச் சட்டம் செல்லாது. காரணம் நாகரிகம் அல்ல, தேவை. ஒவ்வொருவர் மார்பிலும், புதைந்தால் இடம் காட்டிக்கொடுக்க, 457 கிலோஹெர்ட்ஸில் துடித்துக்கொண்டிருக்கும் டிரான்ஸீவர் கருவி, பையில் மண்வாரி, பனிக்குள் குத்தித் துழாவ மடக்கு நீளக் கம்பி. பனிச்சரிவு மூடியவரைப் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணி நெருங்கினால் பிழைப்பவர் மூன்றில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஹெலிகாப்டர் அதற்குள் வராது. கையுறை தேடுகிற அந்த நண்பன்தான் வர வேண்டும்.

இதிலிருந்து இன்னொரு விதி பிறக்கிறது. பலகைப்பனி, அதாவது ஒரே அடுக்காக இறுகிக் கிடக்கும் பனி, பெயர்வது பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வுகளில். அத்தகைய இடங்களில் ஒவ்வொருவராகத்தான் இறங்க வேண்டும். மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். ஆகவே முதல்வர் என்று ஒருவர் இருந்தே தீர வேண்டும். அவருக்குக் கிடைப்பது என்ன? ஒருவர் தடமும் படாத பனி, அதாவது பந்தியின் முதல் இலை. கூடவே, சாய்வு தாங்குமா பெயருமா என்று சோதிக்கும் முதல் எடையும் அவர்தான். பந்தியும் படையும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இப்படியொரு நிலையைப் பழமொழி எதிர்பார்க்கவில்லை.

இங்கேதான் ‘நீ முதல்ல போ’ என்ற தொடர் ஆய்வாளரைத் திணறடிக்கிறது. அது தியாகமா, பலியிடலா? அ சொன்னபோது குரலில் தாராளம் இருந்தது. கண் மட்டும் சாய்வின் நடுவில் இருந்த ஒரு மேட்டைவிட்டு அகலவில்லை. அடியில் பலவீனமான அடுக்கு உண்டா என்று பார்க்க, இ பனியில் குழி தோண்டி, ஒரு தூணை வெட்டி நிறுத்தி, அதன் தலையில் கையால் தட்டிப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்பது முறை. முழங்கைத் தட்டிலேயே தூண் ஓரிடத்தில் வெடித்து நழுவியது. அது பதினான்காவது தட்டா, பதினைந்தாவதா என்று கணக்காளருக்கும் பல் மருத்துவருக்கும் வாக்குவாதம் மூண்டது. தூண் நழுவியதைப் பற்றிச் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

அமெரிக்காவில் 1972 முதல் 2003 வரை நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்த இயன் மக்கேமன், மனிதர்களை விழவைக்கும் ஆறு மனப்பொறிகளை வகுத்துக் காட்டியிருக்கிறார். பழகிய இடத்தில் நல்ல பயிற்சி பெற்றவர்கள்கூடப் பயிற்சி இல்லாதவர்கள் அளவுக்கே ஆபத்தில் கால் வைத்திருந்தார்கள் என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. அவருடைய பகுப்பை நண்பர்களின் பேச்சில் தேட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. தானாக வந்து விழுந்தது. “போன தடவையும் இதே வழிதானே?” பழக்கம். “இவ்வளவு தூரம் வந்துட்டு...” பிடிவாதம். “ஈ இருக்கான்ல, அப்புறம் என்ன?” வல்லுநர் மயக்கம். “அங்க பாரு, வேற ஒரு கூட்டம் ஏறுது” என்பது இருப்பதோ கொஞ்சம், அதுவும் போய்விடுமே என்ற பதற்றம். கால்மணி நேரத்துக்குள் நான்கு.

பொறிக்கு மருந்தும் அதே கூட்டத்தில்தான் இருந்தது. “எனக்குப் பயமா இருக்கு, இந்தப் பக்கம் வேண்டாம்” என்று ஆ சொன்னார். முந்தாநாள் அறிமுகமான கும்பலில் இப்படிச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். முப்பது வருடப் பழக்கத்தில் ஒருவர் மானம் இன்னொருவரிடம் எப்போதோ போய்விட்டதால், இனிமேல் போவதற்கு ஒன்றுமில்லை. யாரும் அவரைத் தேற்றவில்லை, கிண்டலும் செய்யவில்லை. எல்லோரும் குடிலுக்குக் கீழே ‘ட்ரீ ட்ரையாங்கிள்’ எனப்படும் மரக்காட்டுப் பக்கமாகத் திரும்பினார்கள். அங்கே போனதும் பழையபடி “நீ முதல்ல போ” தொடங்கியது. இந்தத் தடவை அது கலப்படமில்லாத பந்தி உபசாரம். ஆகவே அ ஒரே ஒரு தரம் மறுத்துவிட்டுப் பாய்ந்துவிட்டார்.

இறக்கத்தின் இலக்கணத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். ஐந்திணை வகுத்தவர்கள் முன்பனியும் பின்பனியும் கண்டார்களே ஒழிய, ஆளை விழுங்கும் பனியைக் கண்டதில்லை. பனிமலைக்கு என்று ஒரு திணை அவர்களிடம் இல்லை. தேவையும் இல்லை என்பது ஆய்வாளரின் துணிபு. ஒரே இறக்கத்தில் ஐந்து உரிப்பொருளும் வந்துவிடுகின்றன. ஒருவர் கிளம்பிப் போவது பிரிதல். மற்றவர் மேலே கைபிசைந்து நிற்பது இருத்தல். மரத்துக்குப் பின்னால் போனவர் வெளியே வரவில்லையே என்பது இரங்கல். கீழே எல்லோரும் சேர்ந்து கோலால் கோலைத் தட்டிக்கொள்வது புணர்தல். “நான் பார்த்துவச்ச இடத்துல குறுக்க கோடு போட்டுட்டியே!” என்பது ஊடல். கடைசியது நியாயமான ஊடல்தான். முதலில் போகிறவர் தடத்தை ஒட்டி அடுத்தவர், அவரை ஒட்டி அடுத்தவர் என்று நெருக்கி இறங்கினால் அதே சாய்வு மறுநாளைக்கும் மிஞ்சும். மூலைக்கு மூலை குறுக்கே இழுத்துக்கொண்டு போன அ-வின் தடத்தை இரவு முழுவதும் யாரும் மன்னிக்கவில்லை. பல் மருத்துவர்கள் பொதுவாகவே இடத்தை வீணடிப்பவர்கள் என்று இ சொன்னது ஆதாரமற்றது.

இதுவரை முந்துதலைப் பேசினோம். பிந்துதல்தான் ஆய்வில் எதிர்பாராமல் கிடைத்தது. முதலில் போகிறவர் புதைந்தால் மேலே நிற்கிறவர்கள் சறுக்கி இறங்கிச் சில நொடிகளில் அவரிடம் போய்விடலாம். கடைசியாக வருகிறவர் புதைந்தால், கீழே போய்விட்டவர்கள் அத்தனை பேரும் ஆழப்பனியில் திரும்ப ஏறி வர வேண்டும். பத்து நிமிடக் கணக்கில் ஏற்றத்துக்கு இடமேது? கடைசி ஆளுக்குக் கிடைக்கும் பனியும் மற்றவர் உழுத பனி. யாராவது வழியில் விழுந்தால் தூக்கிவிடுவதும், ஏதாவது உடைந்தால் பழுதுபார்ப்பதும் அவர் வேலை. அதனால் பையும் அவருடையதே கனம். பந்தியும் இல்லை, படையும் முழுதாக உண்டு.

அந்த இடத்தில் எப்போதும் ஈ-தான் வருகிறார். யாரும் அவரை வரச் சொன்னதில்லை. ‘நீ கடைசியா வா’ என்று உபசாரம் நடந்ததாகவும் தகவல் இல்லை. மற்ற மூவரிடமும் தனித்தனியே கேட்டதற்கு, அப்படியா, கவனித்ததில்லையே என்றார்கள். குடிலில் சூப் கொதித்துக்கொண்டிருந்தபோது ஆய்வாளர் நேரடியாகவே கேட்டார். ஈ கொஞ்சம் யோசித்தார்.

“எல்லாரும் போனப்புறம்தான் நிம்மதியா ஒண்ணுக்குப் போக முடியுது.”