தலைக்கோட்டை எடுக்கமாட்டார்

எழுத்துரு வரைகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. பாரிஸிலோ பிராகிலோ பெர்லினிலோ, மாடி அறையில் இரண்டு திரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார், கேட்காவிட்டாலும் பேசுவார். வளைவு, இடைவெளி, கனம், விலை எதில் வேண்டுமானாலும் அவரோடு பேரம் பேசலாம். எழுத்துருவின் பெயரில் இருக்கிற தலைக்கோட்டில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது.

அவர் வரைந்ததற்கு 'எத்தே' என்று பெயர் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். பிரெஞ்சில் கோடைக்காலம். ரோமன் லிபியில் மூன்றே எழுத்து: ஈ, டீ, ஈ. இரண்டு ஈ-யின் தலையிலும் சாய்வாக ஒரு கோடு. கோப்புகளைச் சரிபார்த்துக் கொடுக்கிற பொறியாளர், "மூணு எழுத்துல ரெண்டு கோடா சார்? எடுத்துட்டா எல்லாக் கம்ப்யூட்டர்லயும் ஓடுமே" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இவர் முகம் போன போக்கைப் பார்த்து, வந்த வேலையை மட்டும் முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வாடிக்கையாளரிடமிருந்து வரும் முதல் புகார், "பட்டியலில் உங்கள் எழுத்துருவைக் காணோம்" என்பது. இருக்கிறது, அடியில். சில மென்பொருள்கள் பெயரை எண்ணாகப் பார்த்து வரிசைப்படுத்தும். இசட் 90; கோடு போட்ட பெரிய ஈ யூனிகோடில் 201. ஆகவே 'எத்தே' ஈ வரிசையில் நிற்காமல் இசட்டில் தொடங்கும் ஸாஃபினோ எழுத்துருவுக்கும் கீழே போய் ஒதுங்கியிருக்கும். பெயரைத் தட்டித் தேடலாமென்றால் அமெரிக்க விசைப்பலகையில் அந்த எழுத்துக்கு விசையே கிடையாது. இவர் சளைக்காமல் பதில் போடுவார்: ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலப்பக்க எண் விசைகளில் 0201 தட்டவும். என் மடிக்கணினியில் வலப்பக்க எண் விசைகளே இல்லையே என்று மறுபடி கடிதம் வரும். அதற்குத் தனியாக ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறார். அதில் மூன்று பத்தி பிரெஞ்சு மொழி வரலாறு.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. பெரிய கூத்து, பெயர் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் போகும்போதுதான். பழைய மேக்கில் அந்தப் பெரிய ஈ-க்கு எண் 131, சின்னதற்கு 142. விண்டோஸின் மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் 131 என்றால் டச்சு கில்டர் நாணயக் குறி; 142 என்றால் தலையில் கொக்கி வைத்த இசட். மேக்கில் கோடைக்காலமாகக் கிளம்பியது விண்டோஸில் நாணயமாய் வந்து இறங்கும். யூனிகோடு வந்துவிட்டதே, இனி பயமில்லை என்று நினைத்தால், யூடிஎஃப்-8 முறையில் கோடு போட்ட ஒவ்வொரு எழுத்தும் இரண்டு பைட் பிடிக்கும். அதை விண்டோஸின் பழைய அட்டவணையை வைத்து வாசிக்கிற மென்பொருள் ஒன்று எங்கேயாவது உட்கார்ந்திருக்கும். அதன் கண்ணில் மூன்று எழுத்து ஐந்தாகிவிடும்: நெளிகோடு போட்ட ஏ, பின்னால் 'ஆயிரத்துக்கு இத்தனை' என்னும் குறி, நடுவில் அந்த டீ, மறுபடி நெளிகோட்டு ஏ, கடைசியில் காப்புரிமைக் குறி. "காப்புரிமை தானாவே வந்துடுச்சு சார், பதிவுச் செலவு மிச்சம்" என்றார் பொறியாளர். இவர் சிரிக்கவில்லை.

(இணையத்தில் தமிழின் ஆரம்ப நாட்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கூத்து புதிதல்ல. 1999-இல் தமிழ்நாடு அரசு அறிவித்த டாம், டாப் குறியாக்கங்களில் தமிழ் எழுத்துகள் குடியேறியது இந்தத் தலைக்கோட்டு எழுத்துகள் இருந்த மேல் வரிசையில்தான். எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் மடலைத் திறந்தால் ஐரோப்பாவின் அத்தனை கோடும் புள்ளியும் ஊர்வலம் வரும்.)

இன்னொரு வம்பு கண்ணுக்கே தெரியாதது. கோடு போட்ட ஈ-யை ஒரே குறியாகவும் வைக்கலாம். வெறும் ஈ, அதன்மேல் தனியாக ஒரு கோடு என்று இரண்டாகவும் வைக்கலாம். நம் 'கொ'வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவோ இரண்டாகவோ வைக்கலாமே, அதே கதை. 1998-இல் வந்த மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்புமுறை, கோப்பின் பெயரைப் பிரித்துத்தான் சேமிக்கும். இவர் அங்கிருந்து ஏற்றுவார். வலைப்பக்கத்தில் சேர்த்து எழுதியிருக்கும். லினக்ஸ் சர்வர் அப்படியொரு கோப்பே இல்லை என்று கைவிரிக்கும். இவரும் பொறியாளரும் திரையில் ஆளுக்கொரு விரலை வைத்துக்கொண்டு, "இதோ இருக்கே!" "இதுவும் அதேதானே!" என்று ஒரு மாலைப்பொழுது முழுவதும் வாதாடுவார்கள்.

ஆனால் இவர் வெளியே சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. எழுத்துருக் கோப்புக்குள் பெயர் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. குடும்பப் பெயர், முழுப் பெயர் என்று பல பெயர்களுக்கு அதில் இடமுண்டு. யூனிகோடில், விரும்பிய மொழியில் எழுதலாம். ஆறாம் எண் மட்டும் போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயர். அங்கே சட்டம் கறார்: 63 எழுத்துக்கு மேல் கூடாது, இடைவெளி கூடாது, ஆஸ்கியில் 33 முதல் 126 வரைக்குள் அடங்க வேண்டும். அதிலும் அடைப்புக்குறிகள், சாய்கோடு, சதவீதக் குறி என்று பத்து விலக்கு. ஆஸ்கி 1963-இல் அமெரிக்கர்கள் வகுத்தது. தலைக்கோட்டு எழுத்து ஒன்றுகூட அதில் கிடையாது. அச்சுப்பொறியும் பிடிஎஃபும் தேடுவது இந்தப் பெயரைத்தான். அந்த நாளில் இது அகப்படாவிட்டால் லேசர் அச்சுப்பொறி தன்பாட்டுக்குக் கூரியர் எழுத்துருவில் அடித்துத் தள்ளிவிடும். ஆக, சுவரொட்டியில் இரண்டு கோட்டோடு மின்னுகிற 'எத்தே', ஆறாம் எண்ணில் வெறுந்தலை. அந்த ஒரு கட்டத்தை நிரப்பும்போது மட்டும் இவர் காபி போட எழுந்து போய்விடுவார். பொறியாளர் தட்டி முடித்துவிட்டுக் குரல் கொடுப்பார்.

கோடிழந்த முன்னோர்களின் கதையை இவர் இழவு வீட்டில் சொல்வதுபோல் சொல்வார். அட்ரியன் ஃப்ரூட்டிகர் 1957-இல் பாரிஸின் தெபெர்னி எ பெஞோ வார்ப்பகத்துக்கு வரைந்த 'மெரிதியென்', டிஜிட்டலுக்கு வந்தபோது கோட்டை விட்டுவிட்டு வந்தது. ஜெர்மனியின் 'க்யூன்ஸ்ட்லர்' கையெழுத்து உருவில் யூ-மேல் இருந்த இரண்டு புள்ளிக்குப் பதிலாக லைனோடைப் நிறுவனம் பக்கத்தில் ஓர் ஈ-யைச் சேர்த்தது. மைக்ரோசாஃப்ட் புள்ளியையும் எடுத்தது, ஈ-யையும் சேர்க்கவில்லை. 1984-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய 'எமிக்ரே' பத்திரிகை பிரெஞ்சுச் சொல்லுக்குரிய இரண்டு கோட்டையும் முதல் நாளே கழற்றி வைத்தது. அதை நடத்தியவர்களில் ஒருவரான சுசானா லிச்கோ, சி-மேல் இருந்த கொக்கி போனதால் பலர் வாயில் 'லிக்கோ' ஆனார். செக் எழுத்துக் கொக்கிகளில் கைதேர்ந்த ஃப்ரான்டிஷெக் ஷ்டோர்மின் பிராக் நிறுவனத்துக்குத் தாய்மொழிப் பெயர் 'ஸ்த்ரெஷோவிட்ஸ்கா பீஸ்மோலிய்னா'. உலகச் சந்தையில் கொக்கியில்லாத 'ஸ்டார்ம்'. "அவரே!" என்று இந்த இடத்தில் குரல் தழுதழுக்கும்.

தழுதழுத்தபின் சூடு பிடிக்கும். ஜப்பானியர்கள் எம்எஸ் கோதிக் எழுத்துருவைத் தங்கள் லிபியிலேயே பட்டியலில் காட்டவில்லையா என்று கேட்பார். "காட்டினாங்க சார். அதனாலதான் அங்க வலைப்பக்கம் எழுதுறவங்க ஆங்கிலப் பேரு, ஜப்பானியப் பேரு ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல எழுதி வச்சாங்க" என்பார் பொறியாளர். இரண்டு பெயர் வைத்துக்கொண்டால் என்ன குறைந்துபோகும் என்று இவர் கேட்கிற கேள்வியில் உண்மையாகவே நியாயம் இருக்கிறது. சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. ஓடாத மென்பொருளைத் திருத்த வேண்டியவர் இவரல்ல, அதை எழுதியவர்.

இப்போது அடுத்த எழுத்துரு தயாராகிறது. போலந்து நகரம் ஒன்றின் பெயர்: வூச். ரோமன் லிபியில் நான்கு எழுத்து, மூன்றில் குறி. போதாததற்கு முதலில் நிற்கும் குறுக்குக்கோட்டு எல், யூனிகோடு கணக்கில் எழுத்து வேறு கோடு வேறு என்று பிரியாத பிறவி. கோட்டைத் தனியே உரித்தெடுக்கிற நிரல்கள் அதனிடம் தோற்று, ஆஸ்கிக்கு மாற்றும்போது எழுத்தையே முழுங்கிவிடும். பெயரைக் கேட்ட பொறியாளர் ஒன்றும் சொல்லவில்லை. திருத்திய கட்டணப் பட்டியலை மட்டும் அனுப்பியிருக்கிறார்.