சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் நாலு முறுக்கு

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி, சித்திரை வீதி எதில் நடந்தாலும் இவர் எதிரே வருவார். அறுபதைத் தாண்டியவர். மணிக்கட்டில் காலடி எண்ணும் கடிகாரம், கக்கத்தில் மஞ்சள் பை. பைக்குள் துளசி, மூக்குக் கண்ணாடிக் கூடு, உள்ளங்கை அகலத்தில் ஒரு எலக்ட்ரானிக் தராசு. நகை வியாபாரி என்று நினைத்துவிடாதீர்கள். இவர் நிறுப்பது இட்லியை.

இந்த ஜாதி மனிதர்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நான் கிட்ட இருந்து பார்த்தவரைத் தெருவே 'கலோரி மாமா' என்றுதான் கூப்பிடுகிறது. பூர்வீகம் திருவெள்ளறை. 35 வருஷம் வங்கியில் உத்தியோகம். பத்து பைசா டேலி ஆகாவிட்டால் ராத்திரி ஒன்பது மணி வரை ஒருத்தரையும் வீட்டுக்கு விடமாட்டாராம். ஓய்வு பெற்ற பிறகு டேலி பண்ண ஒன்றுமில்லாமல் கை நமநமத்துக்கொண்டிருந்தவரிடம் டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்: "எடை 84 இருக்கு சார். என்ன சாப்பிடறீங்கன்னு எழுதிட்டு வாங்க." பேரன் அன்றைக்கே கைபேசியில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தான். போன பிராணன் திரும்பி வந்தது மாமாவுக்கு.

முதல் நாள் அவரோடு டிபன் சாப்பிடப் போன பாவி நான்தான்.

"ஒரு இட்லி எவ்வளவுப்பா?"

"பன்னெண்டு ரூபா சார்."

"விலை இல்லப்பா, வெயிட்டு."

சர்வர் கல்லாவைத் திரும்பிப் பார்த்தார். கல்லா கூரையைப் பார்த்தது. மாமா தராசை மேஜைமேல் வைத்து, அதன்மேல் வாழையிலைத் துண்டைப் போட்டு, இலையின் எடையைக் கழித்து, இட்லியை ஏற்றினார். 52 கிராம். அடுத்தது 47. "பாத்தியாடா, ஒரே தட்டுல வெந்தது, அஞ்சு கிராம் உதைக்கிறது!" இதை அவர் குறித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து வாளியோடு வந்த பையன், இலையைக் கண்டதும் பழக்க தோஷத்தில் ரெண்டு கரண்டி சாம்பாரை ஊற்றிவிட்டுப் போய்விட்டான். இட்லி மிதந்தது. தராசு முழுகியது. திரையில் ஏதோ ஓர் எழுத்து ரெண்டு தடவை மின்னி அணைந்தது. சாம்பாரில் நனைந்த இட்லியின் கலோரியை அன்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. வேறு தராசு வாங்கினார்.

செயலியோடு அவருக்கு இருந்த தகராறு வேறு மாதிரி. 'ஒரு கிண்ணம்' என்று கேட்கிறது அது. யார் வீட்டுக் கிண்ணம்? ஆழாக்கும் உழக்கும் தெரிந்த மனுஷனிடம் 'ஒரு கப்' என்றால் என்ன அர்த்தம்? நம் வீட்டுக் கரண்டியும் கல்யாணப் பந்திக் கரண்டியும் ஒன்றா? போகட்டும், சாத்தமுது (ரசம்தான்) என்று ஒரு பதார்த்தம் உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியவில்லை. தக்காளி சூப் என்று போடச் சொல்லிப் பேரன் யோசனை சொன்னான். மாமா மூன்று நாள் அவனோடு பேசவில்லை.

கணக்கில் மட்டும் மாமா புலி. காலை காபி 68, இட்லி மூன்று 150, மத்தியானம் சாதம் 200 கிராம் 260 என்று பாங்க் லெட்ஜர் போலக் கோடு போட்ட நோட்டிலும் ஒரு பிரதி எழுதினார். டாக்டர் சொன்ன வரம்பு நாளுக்கு 1,600. மாமா நோட்டில் தினமும் 1,580, 1,595. ஒரு நாள் 1,599. மூன்று மாதம் இப்படியே ஓடியது. எடை 84-லிருந்து 85 ஆயிற்று.

"எங்கேயோ டிஃபரன்ஸ் இருக்குடா" என்று நோட்டை என்னிடம் நீட்டினார். புரட்டினேன். டிஃபரன்ஸ் ஒளிந்துகொள்ளவே இல்லை, பட்டவர்த்தனமாக உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் வாயில் போட்ட மணப்பாறை முறுக்கு நாலும் 'சஸ்பென்ஸ்' என்ற தலைப்பில் எழுதப்பட்டு, கூட்டலில் சேராமல் நின்றன. எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியாத தொகையை வங்கியில் தாற்காலிகமாக நிறுத்திவைப்பார்களே, அந்தக் கணக்கு. மாமா வங்கியில் அதை மாசக் கடைசியில் தீர்த்தாக வேண்டுமாம். நோட்டில் தை மாசத்து முறுக்கு பங்குனியிலும் நிலுவையில் இருந்தது. ஏகாதசிக்கு நேரே 'உபவாசம்' என்று ஒரே கோடு. அன்றைக்கு ராத்திரிப் பலகாரமாக உள்ளே போன அரிசி உப்புமாவும் தொட்டுக்கொள்ளக் கொத்சும் நோட்டுக்கு வரவில்லை. கோயில் பிரசாதத்துக்குப் பத்தியே கிடையாது.

"பிரசாதத்துக்கு ஏதுடா கலோரி? அது அனுக்ரஹம்."

திருவரங்கத்தில் குடியிருந்துகொண்டு இப்படி ஒரு விதி வைத்துக்கொண்டால் நிலைமை என்ன என்று யோசியுங்கள். தன்மேல் காதல் கொண்ட சுல்தான் மகள் துலுக்க நாச்சியாருக்காக, உற்சவர் நம்பெருமாளே ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்கிற ஊர் இது.

மாமாவைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் ஒரு சேதி. 1992-ல் நியூயார்க்கில் ஒரு சோதனை நடத்தினார்கள். 'நாளைக்கு 1,200 கலோரிக்கு மேல் சாப்பிடுவதே இல்லை, ஆனாலும் இளைக்கவில்லை' என்று சத்தியம் செய்தவர்களைப் பிடித்து, அவர்கள் உடம்பு நிஜமாகவே எவ்வளவு எரிக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். உடம்பில் கோளாறு ஒன்றுமில்லை. சாப்பிட்டதைச் சராசரி 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். செய்த உடலுழைப்பை 51 சதவீதம் ஏற்றிச் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்று பொய் சொன்னவர்கள் அல்ல. எல்லாரிடமும் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் இருந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கலோரி என்பதே அடுப்பங்கரையில் பிறந்த சொல் இல்லை. நீராவி எந்திரத்தின் வெப்பத்தை அளக்க ஃபிரான்சில் வைத்த பெயர். அதைச் சோற்றுக்குக் கொண்டுவந்தவர் அட்வாட்டர் என்ற அமெரிக்கர். ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று நூறு வருஷத்துக்கு முந்தி அவர் போட்ட கணக்கைத்தான் இன்றைக்கு பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில் அச்சடிக்கிறார்கள். அது சராசரிக் கணக்கு. பாதாம் பருப்பை மனிதர்களுக்குக் கொடுத்து அளந்து பார்த்தபோது, அட்டையில் போட்டிருந்ததைவிட சுமார் நாலில் ஒரு பங்கு குறைவாகத்தான் உடம்பில் சேர்ந்தது. ஆக, 1,599 என்று கடைசி இலக்கம் வரை எழுதுகிற மாமா, பனைமரத்தின் உயரத்தை நூல்கண்டு பிடித்து அங்குலத்தில் சொல்கிறவர் மாதிரி.

லுலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற பெண் டாக்டர் 1918-ல் அமெரிக்காவில் ஒரு புத்தகம் போட்டார்: இனி ரொட்டித் துண்டு என்று சொல்லாதே, நூறு கலோரி ரொட்டி என்று சொல். புத்தகம் சக்கைப்போடு போட்டது. கலோரி மாமாக்களுக்கெல்லாம் ஆதி மாமி அவர்தான். அதே 1918-ல் நம் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில், ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராய உட்கார்ந்தார். பின்னாளில் ஹைதராபாத் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது அந்த அறைதான். பெரிபெரி யாருக்கு வரும்? தீட்டிய அரிசிச் சோற்றையே முழுச் சாப்பாடாக நம்பியவர்களுக்கு. சோறு வயிற்றை நிரப்பியிருக்கும், கலோரியில் குறை வைத்திருக்காது. தவிட்டோடு போன சத்துக்காகக் கால் வீங்கும். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம் வரும்.

தாண்டிப் போனோம். புரட்டாசிச் சனிக்கிழமை, நம்பர் ஒன் டோல்கேட்டில் துறையூர் பஸ் பிடித்து, மாமாவின் திருவெள்ளறைக்கு, மாமா, மாமி, நான். "ஸ்ரீரங்கத்துக்கும் முந்தின ஊர்டா, ஆதி வெள்ளறை" என்று மாமா வழியெல்லாம் ஊர்ப் பெருமை பேசினார். வெண்பாறைக் குன்றின்மேல் கோயில். முன்னால் முடிக்கப்படாமல் நிற்கும் மொட்டைக் கோபுரம். நம்மூர் ராஜகோபுரத்தையாவது 1987-ல் கட்டி முடித்துவிட்டார்கள், இது அப்படியே நிற்கிறது. மாமாவின் டயட்டைப் பார்த்தேன், கோபுரத்தைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். மாமி மூடிக்கொள்ளவில்லை. இந்தக் கோயிலில் சந்நிதிக்கு ரெண்டு வாசல். தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். "நம்மாத்துலயும் அதான். தையில நோட்டைத் திறப்பார். ஆடி பொறந்தா சாத்திடுவார். ஸ்ரீஜயந்தி சீடை, கொழுக்கட்டை, நவராத்திரிச் சுண்டல், தீபாவளி லேகியம் வரைக்கும் வேற வாசல்."

கோயிலின் பதினெட்டுப் படியை ஏறி முடித்ததும் மாமா மூச்சு வாங்க மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். "நாப்பத்தெட்டு கலோரி போயிடுத்துடா!" பள்ளிக்கூடத்துப் பௌதிகம் எனக்குக் கொஞ்சம் மிச்சமிருந்தது. 85 கிலோ உடம்பை அந்தப் படிகளின் உயரத்துக்கு, நாலு மீட்டருக்குள், தூக்கி வைக்க ஒரு கலோரிகூட ஆகாது. தசை வீணாக்கும் வெப்பத்தையும் சேர்த்தால் மூன்று, மிஞ்சினால் நாலு. 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு வகைக் கைக்கடிகாரங்களைச் சோதித்தபோது, எரிந்த கலோரியைச் சொல்வதில் இருப்பதற்குள் யோக்கியமானதே 27 சதவீதம் தப்பியது, மோசமானது 93 சதவீதம். இதையெல்லாம் பெருமாள் சந்நிதியில் சொல்வானேன் என்று விட்டுவிட்டேன். வெளியே வந்ததும் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல். நெய் விளிம்பில் நின்றது. முந்நூறுக்குக் குறையாது. "நாப்பத்தெட்டு செலவழிச்சிருக்கேனோன்னோ?" என்று மாமா இன்னொரு தொன்னைக்குக் கை நீட்டினார்.

கோயிலை ஒட்டி ஒரு கிணறு இருக்கிறது. மார்ப்பிடுகு பெருங்கிணறு. தந்திவர்ம பல்லவன் காலத்தில், கி.பி. 800-ஐ ஒட்டி, கம்பன் அரையன் வெட்டுவித்தது. ஸ்வஸ்திக வடிவம், நாலு வாசல், ஒவ்வொன்றும் திரும்பி இறங்கும். ஒரு துறையில் குளிப்பவரை அடுத்த துறையில் இருப்பவர் பார்க்க முடியாது. மாமாவின் நோட்டும் இந்தக் கட்டடக் கலைதான்: இட்லித் துறையில் நிற்பவருக்கு முறுக்குத் துறை தெரியாது. அங்கே கல்லில் ஒரு பழம்பாட்டு வெட்டியிருக்கிறார்கள். மூப்பு வந்து தளர்த்துவதற்கு முன்னால், இருப்பதை உண்டு, மிஞ்சுவதை ஊரறியக் கொடுத்துவிடு என்பது அதன் சாரம். முதல் பாதியை மாமா மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டார். மிஞ்சியதைக் கொடுக்கலாமென்றால் தொன்னையில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மாமி கைப்பையிலிருந்து மளிகைச் சிட்டையை எடுத்தாள். எட்டாவது வரை படித்தவள், செயலி தெரியாது. "ஏன்டா, ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து எவ்வளவு போடலாம்னு சொல்றா?"

ஹைதராபாத் ஊட்டச்சத்து நிறுவனத்தார் போட்ட 2,000 கலோரித் தட்டில் சுமார் 27 கிராம் என்றேன். மாமி விரல் விட்டாள். ரெண்டு பேர், முப்பது நாள், ஒண்ணரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. சிட்டையில் இருந்தது நல்லெண்ணெய் 2 லிட்டர், கடலையெண்ணெய் 2 லிட்டர், நெய் அரைக் கிலோ. எல்லாம் சேர்த்து நாலு கிலோவைத் தாண்டுகிறது. உபரி ரெண்டரைக் கிலோ. கிராமுக்கு 9 என்றால் இருபத்திரண்டாயிரம் கலோரிக்கு மேல். ஏட்டுக் கணக்கில் ரெண்டு உடம்புக்குமாக மாதம் மூன்று கிலோ கொழுப்பு. ஏட்டுக் கணக்கு அப்படியே பலிக்காது என்பது வேறு விஷயம். உடம்பு இளைக்க இளைக்கச் செலவையும் சுருக்கிக்கொள்ளும்.

"அதுல பெருமாள் விளக்குக்கு எவ்வளவு?" என்றார் மாமா அவசரமாக.

"அது தனி பாட்டில்" என்றாள் மாமி.

அடுத்த மாதத்திலிருந்து எண்ணெய் மொத்தமே ஒண்ணரை லிட்டர்தான் வந்தது. தீர்ந்தால் தீர்ந்ததுதான். அப்பளம் சுட்டதாயிற்று. சாதத்தைவிடக் கறியமுது இலையில் அதிக இடம் பிடித்தது. இட்லியை யாரும் நிறுக்கவில்லை. 2018-ல் அதே ஸ்டான்ஃபோர்டில் அறுநூறு பேருக்குமேல் ஒரு வருஷம் வைத்துப் பார்த்ததும் கிட்டத்தட்ட இதுதான்: கலோரி எண்ணச் சொல்லவில்லை, காய்கறியைக் கூட்டி, சர்க்கரையையும் மைதாவையும் குறைக்கச் சொன்னார்கள். கொழுப்பைக் குறைத்த கோஷ்டி, மாவுச்சத்தைக் குறைத்த கோஷ்டி ரெண்டுமே சராசரி ஐந்தாறு கிலோ இறங்கின. எண்ணி இளைத்தவர்களும் உண்டு, நான் மறுக்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுகிறவருக்கு நோட்டு உதவும். மாமாவும் ஒன்று கற்றுக்கொண்டார்: ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் ரெண்டு இட்லிக்குச் சமம் என்பது நோட்டு எழுதாவிட்டால் அவருக்குத் தெரிந்தே இருக்காது.

ஆறு மாதத்தில் மாமி ஐந்து கிலோ இறங்கினாள். மாமாவும் அதே தளிகையைச் சாப்பிடுகிறவர் ஆகையால் மூன்று கிலோ இறங்கினார். இப்போது வீதியில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் கைபேசியை நீட்டி, "எல்லாம் இந்த ஆப்தான் சார், நீங்களும் போட்டுக்கோங்கோ" என்கிறார். முறுக்கு இன்னும் சஸ்பென்ஸில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டில் போன மாதத்து மளிகைச் சிட்டை இருந்தால், எண்ணெய் வரியை மட்டும் எடுத்து, தலைக்கு எத்தனை என்று ஒரு தடவை வகுத்துப் பாருங்கள். விளக்குக்கு எவ்வளவு என்பதை மட்டும் வீட்டு ஆண்களிடம் கேட்காதீர்கள்.