மாண்புமிகு பதிலுக்குப் பிடித்தம் உண்டா?

மக்களவை நடைமுறை விதிகளில் 41-ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது. அமைச்சரிடம் உறுப்பினர் கேட்கும் கேள்வி எப்படியெல்லாம் இருக்கக் கூடாது என்று அது பட்டியல் போடுகிறது. வாதம் கூடாது. ஊகம் கூடாது. கிண்டல் கூடாது. பழி சுமத்தக் கூடாது. அடைமொழி கூடாது. அவதூறு கூடாது. அமைச்சரின் அபிப்பிராயத்தைக் கேட்கக் கூடாது. சாதாரணமாக 150 வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. அமைச்சரின் பதில் எப்படி இருக்கக் கூடாது என்று அந்த விதி பட்டியல் போடவில்லை. ஆக, சபையில் கிண்டல் செய்யும் உரிமை ஒரு தரப்புக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த உரிமையை அமைச்சர்கள் கட்சி வேறுபாடின்றி, ஆட்சி வேறுபாடின்றி, ஆண்டாண்டு காலமாக அனுபவித்து வருகிறார்கள்.

ஆரணியில் ஒரு நெசவாளருக்குக் கூலி போதவில்லை என்று வைத்துக்கொள்வோம். அது தில்லிக்குக் கேள்வியாகப் போய்ச் சேரும் வழி இது. தொகுதி உறுப்பினர் குறைந்தது 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது குலுக்கலில் ஏற வேண்டும். நாளொன்றுக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230. நட்சத்திரம் விழுந்தால்தான் அமைச்சர் எழுந்து வாய் திறந்து பதில் சொல்வார். துணைக் கேள்வியும் கேட்கலாம். அந்த இருபதிலும் பகல் 12 மணிக்குள் ஐந்தாறு தேறினால் பெரிய விஷயம். மற்றதெல்லாம் தாளாக வந்து தாளாகவே அடங்கும்.

தப்பித் தவறி நம் நெசவாளரின் கேள்வி மேலே வந்துவிட்டால், காட்சி இப்படித்தான் இருக்கும். இது நான் கற்பனையாக எழுதியது. ஆனால் உண்மைப் பதில்களைப் படித்துப் பழகியவர்கள் அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசம் கண்டுபிடித்தால் பாராட்டுகிறேன்.

வினா: (அ) ஆரணிப் பகுதிக் கைத்தறிப் பட்டு நெசவாளர்கள் தொழிலைவிட்டுப் போய்க்கொண்டிருப்பதை அரசு அறியுமா? (ஆ) அறியுமெனில், அதன் விவரம் என்ன? (இ) இல்லையெனில், அதற்கான காரணங்கள் என்ன?

விடை: (அ) முதல் (இ) வரை: அறிக்கை ஒன்று சபையின் மேசைமீது வைக்கப்படுகிறது.

அந்த அறிக்கையைத் திறந்தால் தேசியக் கைத்தறி வளர்ச்சித் திட்டம் இருக்கும், மூலப்பொருள் வழங்கும் திட்டம் இருக்கும், நெசவாளர் முத்ரா கடன் இருக்கும், கண்காட்சி நடத்திய கணக்கு இருக்கும். ஆரணி மட்டும் இருக்காது.

சென்னையில் நிலைமை வேறு. அங்கே திருக்குறள் வாசித்துத்தான் பேரவையே தொடங்குகிறது.  அடைமொழிக்கான தடையைக் கோட்டையில் அப்படியே அமல்படுத்தினால் பாதி உறுப்பினர்களுக்கு வாக்கியமே நிற்காது. தலைவரைப் போற்றி, தலைவரின் தலைவரைப் போற்றி, துறை அமைச்சரைப் போற்றி, கடைசி மூச்சில் "என் தொகுதிக்கு ஒரு துணை மின்நிலையம் அமைத்துத்தர அமைச்சர் முன்வருவாரா?" என்று உட்காருகிறார்கள். கேட்பது உரிமை என்று யாரும் சொல்லித்தரவில்லை போலும்; மொய் எழுதிவிட்டுப் பந்திக்குக் காத்திருப்பவர் குரல்தான் வருகிறது. அமைச்சரும் "நிதிநிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று இலை போடாமலே கை கழுவச் சொல்கிறார். இந்தத் துதி எந்த அளவுக்குப் போனதென்றால், 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே தன் கட்சி உறுப்பினர்களைப் பார்த்து, என்னைப் புகழ்ந்து பேசி நேரத்தை வீணாக்கினால் நடவடிக்கை எடுப்பேன் என்று எச்சரிக்க வேண்டி வந்தது. எச்சரிக்கை விடுத்த பெருந்தன்மையையும் புகழ வாய்ப்புக் கிடைத்ததே என்று சிலர் மகிழ்ந்திருப்பார்கள். ஆண்டுக்கு 100 நாள் பேரவையை நடத்துவோம் என்று அந்தக் கட்சி அதே ஆண்டு தேர்தல் அறிக்கையில் சொன்னது. நூறின் பக்கத்தில்கூட எந்த ஆண்டும் போகவில்லை. இதற்கு முன்பு ஆண்டவர்கள் அந்த வாக்குறுதியைத் தரவே இல்லை. ஆகவே மீறவும் இல்லை.

ஆரணியில் கேள்வி கேட்க ஆளில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கேள்வி நேரம் அங்கே தினமும் நடக்கிறது. கொசப்பாளையத்திலும் சைதாப்பேட்டையிலும் ஒண்ணுபுரத்திலும் தேவிகாபுரத்திலும் கூலிக்கு நெய்கிறவர் சேலையைத் தறியிலிருந்து அறுத்து, மடித்து, தூக்கிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போகிறார். முதலாளி சேலையைப் பிரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறார். "ஏம்பா, இங்க ஏன் இழை விட்டிருக்கு?" "கரை ஏன் ஒரே சீரா வரல?" "முந்தில இது என்ன கறை?" பிறகு தராசு. பாவும் ஊடையும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுத்தவை. சேலையும் கழிவும் சேர்ந்து அந்த எடைக்கு வர வேண்டும். தட்டினால் கூலியில் பிடித்தம். 15 நாள் நோட்டீஸ் கிடையாது. துணைக் கேள்விக்கு வரம்பு கிடையாது. "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, முதலாளி" என்று நெசவாளர் ஒரு நாள் சொல்லிப் பார்க்கட்டுமே. அடுத்த பாவு வேறு வீட்டுக்குப் போய்விடும்.

முதலாளி மட்டுமா கேட்கிறார்? கடன் கேட்டுப் போனால் வங்கி கேட்கிறது. சங்கத்தில் அட்டை கேட்கிறார்கள். காப்பீட்டுக்கு ஆதார், ஆதாருக்குக் கைரேகை. ஆயுசு முழுக்கப் பட்டிழையைப் பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை எங்கே என்று மெஷின் கேட்கிறது. அரசாங்கமும் வீடு தேடி வந்து கேட்டது. 2019-20-இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில், மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்று ஒவ்வொரு நெசவாளர் வீட்டிலும் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்கள் 5,000 ரூபாய்க்கும் கீழே என்று பதில் சொல்லின. 2009-10 கணக்கெடுப்பில் 43.31 லட்சம் இருந்த கைத்தறித் தொழிலாளர்கள் 35.22 லட்சம் ஆகியிருந்தார்கள். பத்தாண்டில் எட்டு லட்சம் பேர் குறைந்திருக்கிறார்கள். நெசவாளர் மறைக்காமல் பதில் சொல்லிவிட்டார். இனி கேட்க வேண்டியது அரசாங்கத்தை அல்லவா?

கேட்டிருக்க வேண்டிய காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2020 ஜூலை 27 அன்று ஒன்றிய அரசு, 1992 முதல் இருந்துவந்த அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தது. ஊரடங்கில் தறிகள் நின்று, நூல் வராமல், நெய்த சேலை விற்காமல் கிடந்த நேரம் அது. குறைந்த அரசாங்கம், நிறைந்த ஆளுகை என்ற கொள்கைப்படி கலைத்தோம் என்றார்கள். பதினோரு நாள் கழித்து ஆகஸ்ட் 7 வந்தது. தேசியக் கைத்தறி தினம். 2015-இல் சென்னையில் பிரதமரே வந்து தொடங்கிவைத்த தினம். கைத்தறிக்கு வாழ்த்துச் சொன்னார்கள். வாரியம் இல்லாத கைத்தறிக்கு வாழ்த்தாவது மிஞ்சியதே.

சரி, நாடாளுமன்றம் கூடட்டும், கேட்டுவிடலாம் என்றால், செப்டம்பர் 14 அன்று கூடிய அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். தொற்று பரவுமாம். சட்டம் நிறைவேற்றினால் பரவாது. அமைச்சரை எழுப்பித் துணைக் கேள்வி கேட்டால் மட்டும் பரவும் விசேஷக் கிருமி. எழுத்தில் கேட்கலாம், எழுத்தில் பதில் வரும் என்றார்கள். வந்தது. ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்குத் தொழிலாளர் அமைச்சகம் சொன்னது: அத்தகைய தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை. இழப்பீடு கொடுத்தீர்களா? மேற்கண்டதைக் கருத்தில் கொண்டு, அந்தக் கேள்வி எழவில்லை. செத்தவனை எண்ணாமல் விட்டால் அவன் குடும்பத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்ற கணிதம் இது. நடந்து களைத்தவர்கள்மீது ரயில் ஏறியபோது தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த ரொட்டியை நாடே பார்த்தது. அமைச்சகத்தின் பேரேட்டில் மட்டும் அதற்குப் பத்தி இல்லை. மறு ஆண்டு ஜூலையில், ஆக்ஸிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக எந்த மாநிலமும் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்று மாநிலங்களவையில் பதில் வந்தது. மாநிலங்கள் தெரிவிக்காததும் உண்மை. அதுவரை ஒன்றியம் கேட்காததும் உண்மை. இரண்டு உண்மையையும் சேர்த்துத் தைத்தால் எவ்வளவு பெரிய பிணத்தையும் மூடலாம்.

கேள்வியால் எதுவும் ஆகாது என்று சொல்லிச் சலிப்பவர்களுக்கு 1957-ஐ நினைவூட்ட வேண்டும். ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாய் பங்கு வாங்கியதைப் பற்றி மக்களவையில் கேட்டவர் ஃபெரோஸ் காந்தி. ஆளுங்கட்சிக்காரர், போதாக்குறைக்குப் பிரதமர் நேருவின் மருமகன். பதில் சொல்ல வேண்டியவர் நம்மூர் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, சாமானியப்பட்ட மூளை அல்ல. கேட்டவர் விடவில்லை. நீதிபதி சாக்ளா தலைமையில் ஒருநபர் விசாரணை பொதுமக்கள் முன்னால் நடந்தது. 1958 பிப்ரவரியில் அமைச்சர் பதவி விலகினார். மாமனார் அமைச்சரவையை மருமகன் கேள்வி கேட்ட நாடு இது. இன்றைக்கு வட்டச் செயலாளரை ஒரு வார்த்தை கேட்க உறுப்பினருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

வெள்ளைக்காரன் 1892-இல் சட்டசபையில் கேள்வி கேட்கும் உரிமையைத் தந்தபோது துணைக் கேள்வி கூடாது என்றான்; 1909-இல்தான் அது வந்தது. அடிமை நாட்டில் போராடி வாங்கிய உரிமையைச் சுதந்திர நாட்டில் விற்றுப் பார்த்தவர்களும் உண்டு. கேள்வி கேட்கக் காசு வாங்கியது ரகசிய கேமராவில் பதிவாகி, 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் பதவி நீக்கப்பட்டார்கள். காசு கொடுத்த சிறுதொழில் சங்கம் என்று ஒன்று இல்லவே இல்லை. பத்திரிகைக்காரர்கள் உண்டாக்கிய பெயர். இல்லாத சங்கத்துக்காகச் சபையில் கேள்வி ஏறியது. ஆரணியில் இருக்கிற சங்கங்களுக்கு அந்த யோகம் இல்லை. 2009 நவம்பர் 30 அன்று வேறொரு புதுமை: கேள்வி கொடுத்தவர்களே பலர் சபைக்கு வராததால் கேள்வி நேரம் பாதியில் படுத்துவிட்டது. காசு கொடுக்க மறந்துவிட்டார்களோ என்னவோ.

ஆரணிக்காகக் கேட்க என்ன இருக்கிறது என்று ஒருவேளை உறுப்பினர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். எடுத்துக் கொடுக்கிறேன்; 41-ஆவது விதிக்கு உட்பட்டு, கிண்டல் நீக்கி.

1985-ஆம் ஆண்டின் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் சேலை உட்பட 11 ரகங்களைக் கைத்தறிக்கென்று ஒதுக்கியிருக்கிறது. மீறி விசைத்தறியில் ஓட்டினால் ஆறு மாதம் வரை சிறை, தறிக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் என்று அந்தச் சட்டம் விதித்தது. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் பெயரில் விசைத்தறிச் சேலை விற்கிறது என்று நெசவாளர்கள் குமுறுகிறார்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் இந்தச் சட்டத்தின் கீழ் இந்தப் பகுதியில் எத்தனை தறிகள் சோதிக்கப்பட்டன, எத்தனை வழக்குகள், எத்தனை பேர் சிறை சென்றார்கள்? ஆண்டுவாரியாக விவரம் தருக.

மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறினால் கால் மிதிக்க முடியாது, நெசவு நிற்கும், கூலி நிற்கும். மீன்பிடித் தடைக்காலத்துக்கு நிவாரணம் உண்டு. குழித்தறிக்கு ஏன் இல்லை?

திண்டிவனம்–நகரி ரயில்பாதை வந்தவாசி, செய்யாறு, ஆரணி வழியாகப் போகும் என்று 2006-07-இல் அனுமதித்தார்கள். அன்று ரயில்வே இணையமைச்சர் பக்கத்து அரக்கோணம் தொகுதிக்காரர். இன்றைக்கும் ஆரணிக்கு ரயிலில் வருகிறவர் 'ஆரணி ரோடு' என்ற பெயர்ப் பலகையை நம்பி இறங்கினால் களம்பூரில் நிற்பார், அங்கிருந்து பஸ். தமிழ்நாட்டின் புதிய பாதைகள் சிலவற்றுக்கு பட்ஜெட்டில் தலா 1,000 ரூபாய் ஒதுக்கிய ஆண்டுகளும் உண்டு. ஆயிரம் ரூபாய்க்கு ஆரணியில் அசல் பட்டுச் சேலையின் முந்திகூடக் கிடைக்காது. அந்தப் பணத்தில் எத்தனை அங்குலம் தண்டவாளம் போடப்பட்டது என்று எழுந்து நின்று கேட்கலாமே. இதில் வாதம் இல்லை, ஊகம் இல்லை, அடைமொழி இல்லை.

கேட்க மாட்டார்கள். கேட்டால் மேலிடத்துக்கு வருத்தம். கேட்காவிட்டால் நமக்கு வருத்தம். நம் வருத்தம் ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான் விலை போகும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் வருவார்கள். தறிக்குழியில் காலை விட்டு, நாடாவைத் தப்பாகப் பிடித்து, போட்டோவுக்குச் சிரிப்பார்கள். ஆரத்தி எடுப்போம். தட்டில் விழும் நோட்டை எண்ணுவோம். இந்தக் கேவலத்தில் நமக்கும் பங்கு இருக்கிறது.

மக்களவை இணையதளத்தில் எந்த உறுப்பினர் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்பதெல்லாம் பெயர் வாரியாகக் கிடக்கிறது. தெருவில் படித்த பிள்ளை ஒன்றைவிட்டு அச்செடுத்து வையுங்கள். அடுத்த முறை கும்பிட்டுக்கொண்டு வருகிறவரிடம் ஆரத்தித் தட்டுக்குப் பதில் அந்தத் தாளை நீட்டுங்கள். அஞ்சு வருஷத்தில் எங்களுக்காக எத்தனை கேள்வி கேட்டீங்க, பதில் வராதப்போ எழுந்து என்ன சொன்னீங்க என்று கேளுங்கள். "ஆவன செய்கிறேன்" என்றால், உங்கள் வேட்புமனுவும் நிதிநிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும் என்று சொல்லி அடுத்த வீட்டுக்கு அனுப்புங்கள். அடுத்த வீட்டிலும் அதே தாள் இருக்க வேண்டும்.