அருவியை நாடி ஓர் ஆரோகணம்

குற்றாலத்துப் பேரருவியோ, பொங்குமாங்கடல் என்னும் பாறைக்குழியில் தன் உக்கிரத்தையெல்லாம் தணித்துக்கொண்டு, தலையில் எண்ணெய் வழியக் காத்துநிற்கும் மானிடரை நாடித் தானாகவே இறங்கிவருகிறது; அப்படியிருந்தும், அதற்கு மேலே சுமார் 2 கிலோமீட்டரில் செண்பகாதேவியும், அதற்கும் மேலே, தேனடைகள் தொங்குவதால் பெயர்பெற்ற தேனருவியும் உண்டென்று கேள்விப்பட்ட மாத்திரத்தில், வீட்டு மாடிக்கு ஏறவே மூட்டுவலியைச் சாக்குச் சொல்லும் என் நண்பர், மலையேறப் புறப்பட்டுவிட்டார். வனத்துறையார் அவ்வழியை அடைத்துவிடாதிருந்த காலம் அது. ஆனி மாதத்துச் சாரல், வழுக்குப்பாறை, கால்விரலிடுக்கில் அட்டை ஆகிய சகல உபசாரங்களையும் ஏற்று, மூச்சிரைக்கச் செண்பகாதேவியை அடைந்ததும், அவர் அருவிக்கு முதுகைக் காட்டியபடி தூக்குச்சட்டியைத் திறந்தார். எலுமிச்சைச் சாதத்தின்மீது எங்களுக்கு நிகரான பாத்தியதை கொண்டாடிய குரங்குகளுடன் நெடுநேரம் வியாஜ்யம் நடத்தி, தோற்று, வெறும் சட்டியோடு இறங்கினோம். (ஊறுகாயை மட்டும் அவை தொடவில்லை, ருசி தெரிந்த ஜந்துக்கள்!) இரவு, விடுதித் திண்ணையில் கூடியிருந்தோரிடம், தேனருவியின் திவ்விய சௌந்தரியத்தை நண்பர் ஒரு மணி நேரம் வர்ணித்தார்.