சம்மேளனத்தார் திருச்சமூகத்துக்கு ஒரு மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்திஸ்ரீ. பூம்புகாருக்குத் தெற்கே, தரங்கம்பாடிக்கு வடக்கே, அபிராமி அம்மை அருள்பாலிக்கும் திருக்கடையூரிலிருந்து, அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் தலைவர், செயலாளர், ஒழுங்கு நடவடிக்கைக் குழுவினர், மேல்முறையீட்டுக் குழுவினர், நடுவர் பெருமக்கள் ஆகிய சகல மகானுபாவர்களின் திருச்சமூகத்துக்கும், நீலச் சட்டை மாட்டிக்கொண்டு மயிலாடுதுறையில் ரயிலேறிச் சென்னை நேரு விளையாட்டரங்கில் தொண்டை கட்டக் கத்திவிட்டு வரும் ஒரு பாமர ரசிகன் சாஷ்டாங்கமாக விழுந்து விண்ணப்பித்துக்கொள்வது.

எங்கள் பக்கத்துக் கோயில் சுவர்களில் சோழ மன்னர்களின் மெய்க்கீர்த்திகள் உண்டு. இன்ன நாட்டை வென்றான், இன்ன கடலைக் கடந்தான் என்று வரி வரியாக நீளும். தாங்கள் வென்றதோ அவர்கள் எவரும் நெருங்காத ஒன்று. தாங்கள் ஆட்டத்தையே வென்றீர்கள். அதிக கோல் போட்டவன் ஜெயித்தான் என்ற காட்டுமிராண்டி வழக்கத்தை ஒழித்து, யார் ஜெயித்தார் என்பதை ஆற அமர, குழு கூட்டி, கோப்பு போட்டு, வக்கீல் வைத்து முடிவுசெய்யும் நாகரிகத்தை இத்தேசத்துக்கு அருளியவர்கள் தாங்கள்.

தமிழ்நாட்டின் மீது தங்கள் கடாட்சம் விழுந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். 2019 மார்ச் 9. கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கம். ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டுவிட்டது. சென்னை சிட்டி எஃப்சி பதறாமல் ஆடி 3-1 என்று திருப்பியது. அதில் இரண்டு கோல் தடுப்பாட்டக்காரரான கௌரவ் போராவுடையவை. 43 புள்ளி. 42 புள்ளியோடு நின்ற ஈஸ்ட் பெங்கால் என்ற கொல்கத்தாவின் பெருங்கழகத்தை ஒரே ஒரு புள்ளியில் பின்தள்ளி, தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது. இப்படித் தலைகால் தெரியாமல் மகிழ்ந்தால் எங்கள் ஆன்மா என்னாவது? கருணாமூர்த்திகளான தாங்கள் விரைந்து செயல்பட்டீர்கள். நாலு மாதம்கூட ஆகவில்லை, ஜூலையில் செயற்குழு கூடி, தேசத்தின் முதல்நிலை லீக் இனி இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐஎஸ்எல்தான் என்றீர்கள். ஜெயித்தவன் ஜெயித்த இடத்திலேயே நிற்க, ஏணியின் உச்சிப்படியை மட்டும் பக்கத்து வீட்டுக்கு மாற்றிய அந்தத் தச்சுவேலையை மயனும் அறியான். இன்று தேசிய லீக் பட்டியல்களில் சென்னை சிட்டி என்ற பெயரைத் தேடினாலும் கிடைக்காது. நிலையாமையை உபதேசிக்கச் சித்தர்களுக்கு எத்தனையோ பாட்டு வேண்டியிருந்தது. தங்களுக்கு ஒரு தீர்மானம் போதுமானதாக இருந்தது.

தங்கள் நடுவர்களின் சிறப்பைச் சொல்ல எங்கள் ஊர்க்காரனுக்குத்தான் முழுத் தகுதி. எங்கள் அபிராமி பட்டர் தை அமாவாசையன்று சரபோஜி மன்னரிடம் இன்று பௌர்ணமி என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் நெருப்புக்கு மேலே தொங்கியபடி அந்தாதி பாடவேண்டி வந்தது; அம்மை தன் தோட்டைக் கழற்றி வானில் எறிந்து நிலவாக்கிய பிறகே அவர் வாக்கு நின்றது. தங்கள் நடுவர்களுக்கு நெருப்பும் இல்லை, அந்தாதியும் இல்லை. 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா அரங்கில் பிளே-ஆஃப் ஆட்டம். கோல் எதுவும் விழாமல் கூடுதல் நேரத்துக்குப் போய்விட்டது. 96ஆம் நிமிஷம் பெங்களூருவுக்கு ஃப்ரீ கிக். டீக்கடைத் தொலைக்காட்சி முன்னால் நாங்கள் நிற்கிறோம். கேரளா பிளாஸ்டர்ஸ் கோல்காப்பாளர் கம்பத்தோரம் நின்று கை நீட்டி, சுவரை இப்படித் தள்ளு அப்படித் தள்ளு என்று ஒழுங்குபண்ணிக்கொண்டிருக்கிறார். சுனில் சேத்ரி ஓசைப்படாமல் பந்தைத் தட்டிவிடுகிறார். வலை அசைந்த பிறகுதான் சுவரில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விரைந்து அடிக்க விதியில் இடம் உண்டு. நடுவர் அதற்கு இடம் கொடுத்தாரா, எதிரணியைத் தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தாரா என்பதுதான் வழக்கு. அந்த வழக்கைப் படம்பிடித்துப் பார்த்துத் தீர்க்கும் அற்பத்தனம் தங்களிடம் இல்லை. 2018 உலகக் கோப்பையிலேயே வீடியோ நடுவர் வந்துவிட்டார் என்று பிதற்றுவோர் பிதற்றட்டும். பெல்ஜியத்து மாதிரியில் சிக்கனமாகச் செய்யலாம் என்று ஒரு பேச்சை மட்டும் எடுத்து, அந்தப் பேச்சைக் கற்போடு பேச்சாகவே காப்பாற்றி வருகிறீர்கள். அன்று பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் தம் அணியைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். கழகத்துக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை, பகிரங்க மன்னிப்பு. நடுவரின் ஒரு நொடிக்கு 4 கோடி விலை வைத்த வள்ளன்மை பாரியிடமும் இல்லை.

எமனை இடதுகாலால் உதைத்த காலசம்ஹார மூர்த்தி எங்கள் ஊரில்தான் இருக்கிறார். அன்று தங்கள் நடுவர் ஒருவர் அங்கே இருந்திருந்தால் மார்க்கண்டேயனுக்கு மஞ்சள் அட்டையும் மூர்த்திக்குச் சிவப்பு அட்டையும் கிடைத்திருக்கும்.

இனி, தங்கள் மேதைமையின் கோபுரக் கலசம். 2024-25 ஐ-லீக் ஆட்டங்கள் 2025 ஏப்ரல் 6இல் முடிந்தன. சர்ச்சில் பிரதர்ஸ் 40 புள்ளி, இன்டர் காசி 39. ஜனவரியில் நாம்தாரியிடம் இன்டர் காசி தோற்ற ஆட்டத்தில், ஆடக்கூடாத ஒரு வீரரை நாம்தாரி இறக்கியதாகப் புகார். ஒழுங்குக் குழு அந்த ஆட்டத்தை இன்டர் காசிக்குக் கொடுத்தது. மேல்முறையீட்டுக் குழு அதைப் பிடுங்கியது. சர்ச்சில் சாம்பியன் என்று அறிவித்தீர்கள். சுவிட்சர்லாந்திலுள்ள விளையாட்டுத் தீர்ப்பாயம் தடை விதித்தது. தடை வந்த அன்றே கோவாவில் கோப்பை கைமாறியது. ஜூலை 18இல் அதே தீர்ப்பாயம், சாம்பியன் இன்டர் காசி என்றது. எந்த நாட்டு லீக்குக்கு இந்தப் பாக்கியம் உண்டு? மற்ற தேசத்து ரசிகர்களுக்குக் கடைசி விசிலோடு இன்பம் தீர்ந்துபோகிறது. தங்கள் குடிகளான நாங்களோ ஏப்ரலில் ஒரு சாம்பியனையும் ஜூலையில் ஒரு சாம்பியனையும் கொண்டாடினோம். ஓடி ஆடிய பையன்கள் இரண்டு ஊரிலும் அழுதார்கள் என்பது சிறு விஷயம்.

பதவியில் நீடிக்கும் வித்தைக்குத் தங்களைப் போல் உதாரணம் இல்லை. ஆயுள் விருத்திக்காக நாடெங்கிலுமிருந்து தம்பதிகள் எங்கள் சந்நிதிக்கு வந்து, அறுபதிலும் எண்பதிலும் மாலை மாற்றி, ஹோமம் வளர்க்கிறார்கள். தங்கள் முன்னாள் தலைவர் ஸ்ரீமான் பிரஃபுல் படேல் எந்த ஹோமமும் வளர்க்காமலே, 2020 டிசம்பரில் பதவிக்காலம் முடிந்த பிறகும், உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் இறக்கிவிடும்வரை ஆசனத்தில் வீற்றிருந்தார். அதன் பலனாக அந்த ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியாவையே இடைநீக்கம் செய்தது. பதினோரு நாளில் தடை விலகியது என்றாலும், அதற்குள் ஒரு பெரும் புண்ணியம் நடந்தேறிவிட்டது. ஆசியக் கழகப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் வரை போய் இறங்கியிருந்த கோகுலம் கேரளாவின் பெண்கள், பந்தைத் தொடாமலே ஊர் திரும்பினார்கள். தாங்கள் கையெழுத்திடாத காகிதம், தாங்கள் நடத்தாத கூட்டம். அதன் பலனை அந்தப் பெண்களுக்கே முழுமையாக விட்டுக்கொடுத்த தியாகத்தை என்னென்பேன்! அதன்பின் வந்த தேர்தலில் ஸ்ரீமான் கல்யாண் சௌபே 33-1 என்று வாகை சூடினார். எதிரே நின்று அந்த ஒற்றை வாக்கைப் பெற்றவர் பாய்ச்சுங் பூட்டியா. களத்தில் அவர் இந்தியாவுக்காகப் போட்ட கோல்கள் கணக்கில் சேராது என்று மாநிலச் சங்கத்தார் எவ்வளவு நயமாகத் தெரிவித்துவிட்டார்கள்!

தீர்க்கதரிசனம் தங்கள் குலதனம். 2010இல் 700 கோடி ரூபாய்க்கு, 15 வருஷத்துக்கு வணிக உரிமையை எழுதிக்கொடுத்தீர்கள். அது 2025 டிசம்பர் 8இல் முடியும் என்பது கையெழுத்துப் போட்ட அன்றே தெரியும். பதினைந்து வருஷம் அந்தத் தேதியை ஏறெடுத்தும் பாராத வைராக்கியம் முனிவர்க்கும் வாய்க்காது. 2025 ஜூலையில் ஐஎஸ்எல் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தன் பணிகளை நிறுத்திவைத்தது. டெண்டர் விட்டீர்கள், நவம்பர் 7ஆம் தேதி கெடு முடிந்தபோது ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. அதே மாதம் தேச அணி டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்று, ஃபிஃபா தரவரிசையில் 142 என்ற உன்னத இடத்தை அடைந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாமிடம், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் என்று ஆடிக் களைத்த தேசத்துக்கு இந்த ஓய்வு எவ்வளவு அவசியம்!

கடைசி இடத்தில் முடித்த அணி கீழே இறங்கவேண்டும் என்ற கொடிய விதியை 2025 வரை ஐஎஸ்எல்லில் ஒரு முறைகூட எட்டிப்பார்க்க விடாத தங்கள் ஜீவகாருண்யத்தையும் பாட ஆசை. காகிதம் போதவில்லை.

முடிவாக ஒரு சிறு விண்ணப்பம். சம்பா அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் வயலில், எங்கள் பையன்கள் மூங்கில் கழி நட்டு, தரங்கம்பாடி மீனவர்கள் கொடுத்த பழைய வலையைக் கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு எழுவர் ஆட்டப் போட்டி நடத்தினார்கள். தாள் குத்திய காலோடு ஆடி, கீழத்தெரு அணி மேலத்தெரு அணியை 2-1 என்று ஜெயித்தது. அறியாத பிள்ளைகள், அதையே முடிவென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜெயித்தவர் உண்மையில் யார் என்பதைத் தாங்கள் குழு கூட்டி ஜூலைக்குள் தெரிவித்தருளினால், கோப்பையில் பெயர் வெட்டுகிறவருக்குச் சொல்லி அனுப்பச் சௌகரியமாக இருக்கும்.