மாடியில காத்துமானி, கடல்ல கிலோவாட்

லேய் மக்கா, இங்க வா. மாடியில காத்துமானி வச்சிருக்கியாமே? அது சுத்துததப் பாத்தே கடலலையில எத்தன கிலோவாட் கெடக்குன்னு சொல்லிருவியாமே? அதுவும் புள்ளி வச்சு மூணு தசமம்! கடலம்மைக்கே தெரியாத கணக்குல்லா அது.

காத்துதான் அலையக் கிளப்புது, இல்லன்னு சொல்லல. ஆனா வேகத்த மட்டும் கேட்டாப் போதுமா? எத்தன மணி நேரமா அடிக்கு, எவ்வளவு தூரம் தடையில்லாம ஓடி வருதுன்னு கேக்க வேண்டாமா? ராமேஸ்வரத்துல போய்ப் பாரு. வடக்க பெண்கடல், தெக்க ஆண்கடல். பெண்கடல்னா பாக் விரிகுடா. ஆழமும் கம்மி, காத்து ஓட எடமும் கம்மி. அங்க எந்தக் காத்து அடிச்சாலும் குமரி அலை எழும்புமா?

சரி, ஒரு தடையும் இல்லாத கடல், அலை வளந்து முடிஞ்சாச்சுன்னே வச்சுக்க. 1964ல பியர்சனும் மாஸ்கோவிட்சும் அதுக்குச் சூத்திரம் போட்டாங்க. காத்து ரெட்டிச்சா அலை நாலு மடங்கு உசரும். அலையோட திறன்? முப்பத்திரெண்டு மடங்கு! வேகத்த அஞ்சு தடவ பெருக்குத கணக்குலே அது. ஒங் காத்துமானி நூத்துக்குப் பத்து கூடக் காட்டுச்சுன்னா, திறன் நூத்துக்கு அறுபது கூடிப் போகும். பக்கத்து வீட்டுத் தென்னை மறைச்சுப் பத்து கொறஞ்சுதுன்னா, நாப்பது காணாமப் போயிரும். இதுல மூணு தசமம் எதுக்குலே? தென்னைக்குப் பொட்டு வைக்கவா?

கள்ளக்கடல் கேள்விப்பட்டிருக்கியா? இங்க ஓலை அசையாது. ஒங் காத்துமானி ஒறங்கும். கடல் மட்டும் வாசப்படியில ஏறி நிக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குத் தெக்க எங்கயோ அடிச்ச புயலு, நாள்கணக்குல நடந்து இங்க வந்திருக்கு. 1963ல வால்டர் மங்க்னு ஒருத்தர் தென்கோடிப் புயல்ல பொறந்த அலைய அலாஸ்கா வரைக்கும் பின்தொடந்தார். அந்தப் புயலு ஒன் மாடிக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டா போச்சு?

கேரளத்து விழிஞ்சத்துல 1991ல அலையில மின்சாரம் எடுக்க 150 கிலோவாட் ஆலை ஒண்ணு கட்டினாங்க. அலை ஏறி எறங்க, அறைக்குள்ள காத்து அமுங்கிச் சுழலியச் சுத்தும். காத்து அலையாகி, அலை மறுபடி காத்தாகி! மனுசன் படுத பாட்டப் பாத்தியா?

ஒங் காத்துக்கணக்கத் தூரப் போடச் சொல்லல. பழைய காத்துக்குறிப்பு இருந்தா, அலை அளக்காத வருசத்துக்கு ஒரு குத்துமதிப்பாவது கிடைக்கும். ஆனா அதச் சரிபாக்கக் கடல்ல ஒரு மிதவையப் போடு. ஒரு வருசமாவது கெடக்கட்டும். கச்சான் காலமும் பாக்கட்டும், வாடையும் பாக்கட்டும். அதுவரைக்கும் ஒன் முதலாளிகிட்ட அந்த மூணு தசமத்தச் சொல்லாத, கேட்டியா?